பொழுதுபோக்கு ஓவியம் மனத்துக்கு ஆறுதல் தருவது எப்படி? வரைவதும் பகிர்வதும் குறித்து ஒரு விளக்கம்

தொலைபேசியில் நீண்ட நேரம் பேசும்போது, அருகில் கிடக்கும் செய்தித்தாளின் ஓரத்தில் பூவும் சுழியும் கட்டமும் வரைந்து நிரப்பாதவர்கள் குறைவு. மருத்துவமனையில் உறவினரின் அறுவை சிகிச்சை முடிவதற்காகக் காத்திருக்கும் ஒருவர், மருந்துக் கடை ரசீதின் பின்புறத்தில் எதையோ வரைந்துகொண்டிருப்பதையும் காண முடிகிறது. அவர் ஓவியர் அல்லர். அந்தப் படத்தை விற்கப் போவதும் இல்லை. இருப்பினும் அவருடைய கை ஒரு வேலையைத் தேடுகிறது. மனம் அந்த வேலையில் சற்று நேரம் தங்குகிறது.

கொரோனா பரவலைத் தடுக்க 2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய பொது முடக்கம் நடைமுறைக்கு வந்தபோது, வீட்டுக்குள் இருந்த பலர் பள்ளி நாள்களில் கைவிட்ட வண்ணப் பென்சில்களை மீண்டும் எடுத்தனர். வரைந்த படங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் இன்ஸ்டாகிராமிலும் பகிரப்பட்டன. சிலருக்கு அந்தப் பழக்கம் முடக்கத்தோடு முடிந்தது. வேறு சிலர் இன்றும் தினமும் ஒரு பக்கம் வரைகின்றனர்.

வரைவது உண்மையிலேயே மனத்தை ஆற்றுகிறதா? வரைந்ததைப் பிறரிடம் காட்டினால் அந்த ஆறுதல் கூடுமா, குறையுமா? ஆய்வுகளும் இந்தியாவின் அனுபவமும் இது குறித்துக் கூறுவதை விரிவாகக் காண்போம்.

கவிதைத் திருத்தத்தில் பிறந்த ஓவியங்கள்

பொழுதுபோக்காக வரையத் தொடங்கியவர்களில் இந்தியாவின் மிகப் பெரிய எடுத்துக்காட்டு ரவீந்திரநாத் தாகூர். 1861-ஆம் ஆண்டு பிறந்த அவர், ஓவியக் கல்லூரி எதிலும் பயின்றவர் அல்லர். கவிதை எழுதும்போது பிடிக்காத சொற்களை அடித்துவிடுவார். அந்த அடித்தல்கள் பக்கத்தில் ஆங்காங்கே சிதறிக் கிடப்பது அவருடைய கண்ணை உறுத்தியது. எனவே ஓர் அடித்தலை மற்றொன்றோடு கோட்டால் இணைத்தார். இணைத்த இடங்களில் பறவையின் அலகும் விலங்கின் முகமும் தோன்றின.

1924-ஆம் ஆண்டு பெரு நாட்டுக்குப் பயணம் புறப்பட்ட தாகூர், வழியில் உடல்நலம் குன்றி அர்ஜென்டினாவில் தங்க நேர்ந்தது. பியூனஸ் அயர்ஸ் அருகே சான் இசித்ரோவில் எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ அவரை விருந்தினராக ஏற்றுக் கவனித்துக்கொண்டார். அப்போது தாகூர் எழுதிய கவிதைகள் பின்னர் 'பூரபி' என்ற தொகுப்பில் இடம்பெற்றன. அந்தக் கையெழுத்துப் படியின் பக்கங்களில் கவிதையோடு இந்த உருவங்களும் நிறைந்திருப்பதை ஒகாம்போ கவனித்தார். வீண் கிறுக்கல் என்று ஒதுக்காமல், வியந்து பார்த்தார்.

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1930 மே மாதம் பாரிஸ் நகரின் பிகால் கலைக்கூடத்தில் தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சி நடைபெற்றது. அதற்கு ஏற்பாடு செய்ய முன்னின்றவரும் ஒகாம்போதான். அப்போது தாகூருக்கு ஏறத்தாழ 69 வயது. அதே ஆண்டில் பெர்லின், மாஸ்கோ உள்ளிட்ட நகரங்களிலும் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. வாழ்நாளில் அவர் வரைந்தவை 2,000-க்கும் அதிகம்.

தாகூரின் மேதைமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் இந்நிகழ்வில் உள்ள இரண்டு செய்திகள் எல்லோருக்கும் பொருந்தும். முதலாவது, அவர் எந்தத் திட்டமும் இன்றித் தொடங்கினார். இரண்டாவது, சரியான தருணத்தில் ஒருவர் அதை அக்கறையுடன் பார்த்தார்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

வரையும்போது உடலுக்குள் நிகழும் மாற்றத்தை அளந்து பார்த்த ஆய்வுகளில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உள்ள டிரெக்சல் பல்கலைக்கழகத்தின் ஆய்வு பரவலாக அறியப்பட்டது. கிரிஜா கைமல் தலைமையிலான குழு 2016-ஆம் ஆண்டு இதன் முடிவுகளை வெளியிட்டது. 18 வயது முதல் 59 வயது வரையிலான 39 பேர் இதில் பங்கேற்றனர். அவர்களிடம் மார்க்கர் பேனா, காகிதம், களிமண், ஒட்டுப்படத்துக்கான பொருள்கள் ஆகியவை தரப்பட்டன. விரும்பியதை விரும்பியபடி செய்ய 45 நிமிடங்கள் வழங்கப்பட்டன.

தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் அவர்களின் உமிழ்நீரில் கார்டிசால் அளவு சோதிக்கப்பட்டது. மன அழுத்தத்தின்போது உடலில் சுரக்கும் ஹார்மோன் கார்டிசால் ஆகும். பங்கேற்றவர்களில் ஏறத்தாழ 75 சதவீதத்தினருக்கு அதன் அளவு குறைந்திருந்தது. ஏற்கெனவே கலைப் பயிற்சி பெற்றவர்களுக்கும், பள்ளிக்குப் பிறகு தூரிகையைத் தொடாதவர்களுக்கும் இடையே இதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

'எனக்கு வரைய வராது' என்று கூறித் தயங்குவோர் கவனிக்க வேண்டிய முடிவு இது. அழகாக வரையத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் வரைதல் ஆறுதல் தரும் என்ற எண்ணத்துக்கு இந்த ஆய்வில் ஆதரவு கிடைக்கவில்லை.

அதே வேளையில், இதன் எல்லைகளையும் அறிந்துகொள்வது அவசியம். 39 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. கலைப் பணியில் ஈடுபடாமல் வெறுமனே 45 நிமிடங்கள் ஓய்வெடுத்த மற்றொரு குழுவோடு முடிவுகள் ஒப்பிடப்படவில்லை. மேலும், நான்கில் ஒரு பங்கினருக்குக் கார்டிசால் அளவு குறையவில்லை. எனவே வரைந்தால் எல்லோருக்கும் மன அழுத்தம் நீங்கும் என்று இதைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு குறித்து உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிராந்திய அலுவலகம் 2019-ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்த அந்த அறிக்கை, நோய்த் தடுப்பிலும் மனநலத்திலும் கலைகளுக்குப் பங்கு உண்டு என்று குறிப்பிட்டது. இசை, நடனம், நாடகம், இலக்கியம் ஆகியவற்றோடு காட்சிக் கலைகளும் அதில் அடங்கும்.

கிறுக்கல் கவனத்தைச் சிதறடிக்குமா?

கூட்டத்திலோ வகுப்பிலோ கிறுக்கிக்கொண்டிருப்பவர் கவனிக்கவில்லை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேட் இதைச் சோதித்தார். சலிப்பூட்டும் ஒரு தொலைபேசிப் பதிவை 40 பேர் கேட்டனர். அவர்களில் பாதிப் பேர், கேட்கும்போதே தாளில் இருந்த சிறு வடிவங்களுக்குப் பென்சிலால் நிழல் தீட்டினர். பிறகு எதிர்பாராத வகையில் நினைவுச் சோதனை வைக்கப்பட்டது. நிழல் தீட்டியவர்கள் மற்றவர்களைவிட 29 சதவீதம் அதிகமான விவரங்களை நினைவில் வைத்திருந்தனர். 2009-ஆம் ஆண்டு இந்த ஆய்வு வெளியானது.

கைக்குச் சிறு வேலை இருக்கும்போது மனம் பகற்கனவில் வெகுதூரம் போய்விடாமல் இருக்கிறது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களில் ஒன்று. கவலையில் உழல்பவருக்கும் இது ஓரளவு பொருந்தக்கூடும். ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப எண்ணும் மனத்துக்கு, அடுத்த கோடு எங்கே போக வேண்டும் என்ற எளிய கேள்வி ஒரு பிடிமானமாக அமைகிறது.

துயரத்தை வரைவதா, வேறொன்றை வரைவதா?

மனத்தில் உள்ள துயரத்தைத் தாளில் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்பது பலரின் நம்பிக்கை. அமெரிக்க உளவியலாளர்கள் ஜெனிஃபர் டிரேக், எலன் வின்னர் ஆகியோர் 2012-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் வேறுவிதமான முடிவு கிடைத்தது. பங்கேற்றவர்களின் மனத்தில் முதலில் சோக உணர்வு தூண்டப்பட்டது. பிறகு ஒரு பகுதியினர் அந்தச் சோகத்தையே வரைந்தனர். மற்றொரு பகுதியினர் அதோடு தொடர்பில்லாத ஒன்றை வரைந்தனர். மனநிலை அதிகம் மேம்பட்டது இரண்டாவது பகுதியினருக்குத்தான்.

அதாவது, உடனடி ஆறுதல் வேண்டும் என்றால், வருத்தத்தை வரைவதைவிட எதிரே உள்ள தண்ணீர்க் குவளையையோ சன்னலுக்கு வெளியே தெரியும் மரத்தையோ வரைவது அதிகம் உதவலாம். ஆனால் இது சில நிமிடங்களில் அளக்கப்பட்ட மாற்றம் என்பதை மறந்துவிடக் கூடாது. நெடுநாள் துயரத்தோடு வாழ்பவர்களின் அனுபவம் வேறாகவும் இருக்கலாம். அதற்குப் பிகார் மாநிலத்தின் மிதிலைப் பகுதியைச் சேர்ந்த கங்கா தேவியின் வாழ்க்கை ஒரு சான்று.

மிதிலைப் பெண்கள் திருமணத்தின்போதும் நோன்பு நாள்களிலும் வீட்டுச் சுவரிலும் தரையிலும் படம் வரைவது பழைய வழக்கம். 1934 ஜனவரி 15 அன்று பிகாரை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு, இடிந்த வீடுகளைப் பார்வையிடச் சென்ற ஆங்கிலேய அதிகாரி டபிள்யூ.ஜி. ஆர்ச்சர், உள்சுவர்களில் இருந்த இந்த ஓவியங்களைக் கண்டு வெளியுலகுக்கு எழுதினார். 1960-களின் நடுவில் கடும் வறட்சி ஏற்பட்டபோது, அகில இந்தியக் கைவினைப் பொருள்கள் வாரியம் ஓவியர் பாஸ்கர் குல்கர்னியை அங்கு அனுப்பியது. சுவரில் வரைந்ததைத் தாளிலும் வரையுமாறு பெண்கள் ஊக்குவிக்கப்பட்டனர். அதுவரை வீட்டுக்குள் இருந்த கலை ஒரு வருவாய் வழியாகவும் மாறியது.

அவ்வாறு தாளுக்கு வந்தவர்களில் ஒருவரான கங்கா தேவி 1984-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். பின்னர் அவரைப் புற்றுநோய் தாக்கியது. தில்லியில் சிகிச்சை பெற்ற காலத்தில், தம் நோயையே அவர் ஒரு தொடராக வரைந்தார். மருத்துவமனையும் சோதனைகளும் சிகிச்சை நாள்களும் மிதிலையின் மெல்லிய கோடுகளில் பதிவாயின. 1991-ஆம் ஆண்டு அவர் காலமானார். அந்தத் தொடர் இன்றும் இந்தியக் கலை வரலாற்றில் தனித்துப் பேசப்படுகிறது.

கங்கா தேவி பொழுதுபோக்கு ஓவியர் அல்லர், தேர்ந்த கலைஞர். எனினும், அச்சுறுத்தும் ஓர் அனுபவத்தை முன்பின் வரிசையோடு படங்களாக அடுக்கும்போது அது ஒரு கதையின் வடிவத்தைப் பெறுகிறது. சிகிச்சையின்போது பிறரின் கைகளில் ஒப்படைக்கப்பட்ட நோயாளி, தாளின் முன் அமரும்போது மீண்டும் தாமே முடிவெடுப்பவர் ஆகிறார். எந்தக் கோடு எங்கே என்பதை அவரே தீர்மானிக்கிறார். ஆய்வகம் அளந்தது சில நிமிட ஆறுதலை. கங்கா தேவியின் தொடர் மாதக்கணக்கில் நீண்ட ஒரு போராட்டத்தின் பதிவு. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

வாசலில் பகிரப்படும் ஓவியம்

வரைந்ததைப் பகிர்வது கைப்பேசியோடு வந்த வழக்கம் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் இந்தியாவில் அது ஒவ்வொரு விடியலிலும் நடைபெற்று வருகிறது. தமிழ்நாட்டில் கோலம், ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் முக்கு, மகாராஷ்டிரத்தில் ரங்கோலி, வங்கத்தில் அல்பனா, மிதிலையில் அரிபன், ராஜஸ்தானில் மாண்டணா என அதற்குப் பல பெயர்கள் உள்ளன. ஒடிசாவில் மார்கழி மாத வியாழக்கிழமைகளில் லட்சுமியை வரவேற்க அரிசி மாவால் ஜோட்டி இடுகின்றனர். கேரளத்தில் ஓணத்தின்போது அதே இடத்தைப் பூக்களம் நிரப்புகிறது.

இவற்றுக்குச் சமய நோக்கமும் சடங்கு நோக்கமும் உண்டு. அவற்றோடு, பகிர்தல் குறித்த ஒரு பாடமும் இவற்றில் இருக்கிறது. வரைந்தவர் தம் பெயரை எழுதுவதில்லை. தெருவில் செல்வோர் ஒரு கணம் நின்று பார்க்கின்றனர். பக்கத்து வீட்டுப் பெண் 'இன்று எத்தனை புள்ளி?' என்று கேட்கிறார். மாலைக்குள் காலடியிலும் காற்றிலும் அது அழிந்துவிடுகிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு யாரிடமும் இல்லை. நேற்றைய கோலம் சிறப்பாக அமையவில்லை என்றாலும் அது இன்று தரையில் இல்லை. மறுநாள் புதிதாகத் தொடங்கலாம்.

பார்ப்பதற்கு ஆள் உண்டு, மதிப்பெண் இல்லை. பொழுதுபோக்கு ஓவியம் ஆறுதலாகத் தொடர வேண்டும் என்றால் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதை, குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஒரு பழைய ஆய்வும் உணர்த்துகிறது.

பரிசு கிடைத்ததும் பேனாவை விட்ட குழந்தைகள்

1973-ஆம் ஆண்டு மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் இந்த ஆய்வை வெளியிட்டனர். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள மழலையர் பள்ளியில், வண்ண மார்க்கர் பேனாக்களால் வரைவதில் இயல்பாகவே ஆர்வம் கொண்ட 51 குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒரு குழுவிடம், வரைந்தால் பொன்னிற முத்திரையும் ரிப்பனும் கொண்ட சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே கூறப்பட்டது. இரண்டாவது குழுவுக்கு முன்கூட்டியே எதுவும் கூறாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழ் தரப்பட்டது. மூன்றாவது குழுவுக்கு எதுவும் தரப்படவில்லை.

ஓரிரு வாரங்களுக்குப் பிறகு, வகுப்பறையில் அதே பேனாக்கள் மீண்டும் வைக்கப்பட்டன. இப்போது எந்தப் பரிசும் இல்லை. சான்றிதழை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள், மற்ற குழந்தைகள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ பாதி நேரமே வரைந்தனர். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் இத்தகைய சரிவு காணப்படவில்லை.

பாராட்டே தீங்கு என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பாராட்டை எதிர்பார்த்து ஒன்றைச் செய்யத் தொடங்கும்போது, 'பிடித்ததால் வரைகிறேன்' என்பது 'பரிசுக்காக வரைகிறேன்' என்று மனத்துக்குள் மாறிவிடுகிறது. பரிசு நின்றதும் காரணமும் நின்றுவிடுகிறது.

இந்தியப் பெற்றோர் சிந்திக்க வேண்டிய இடம் இது. குழந்தை நன்றாக வரைகிறது என்று தெரிந்ததும் ஓவிய வகுப்பும் போட்டியும் தொடங்கிவிடுகின்றன. மகாராஷ்டிரத்தில் எலிமென்டரி, இன்டர்மீடியட் என்ற பெயரில் மாநில அளவிலான ஓவியத் தேர்வுகளே நடத்தப்படுகின்றன. இத்தகைய பயிற்சிகளால் திறன் வளரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வகுப்புக்கும் தேர்வுக்கும் அப்பால், யாரும் திருத்தாத ஒரு நோட்டுப் புத்தகம் அந்தக் குழந்தையிடம் இருப்பது நல்லது. பின்னாளில் கல்லூரித் தேர்வில் தோல்வியோ, வேலை இழப்போ, பிரிவோ நேரும் நாளில் அது தேடிப் போகக்கூடிய இடம் அந்த நோட்டுப் புத்தகமாகவும் இருக்கலாம்.

விருப்பக் குறி எண்ணிக்கையும் மனச்சோர்வும்

பெரியவர்களுக்குச் சமூக ஊடகத்தின் விருப்பக் குறி, அதாவது 'லைக்', ஏறத்தாழ அந்தச் சான்றிதழின் வேலையைச் செய்துவிடுகிறது. ஓர் எளிய சூழலை எண்ணிப் பார்க்கலாம். பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தம் வீட்டு மாடியில் இருந்து தெரியும் வேப்பமரத்தை வரைந்து பதிவிடுகிறார். 80 விருப்பக் குறிகள் வருகின்றன. மறுநாள் மனைவியின் கைகளை வரைந்து பதிவிடுகிறார். 12 மட்டுமே வருகின்றன. அவருக்கு மனநிறைவு அளித்தது இரண்டாவது படமே. எனினும், மூன்றாம் நாள் அவர் வரைய அமரும்போது மரமா, கைகளா என்ற தேர்வு அவருடையதாக இருப்பதில்லை.

படம் எத்தனை பேரைச் சென்றடைகிறது என்பதை அந்தத் தளத்தின் நிரல் தீர்மானிக்கிறது. பதிவிட்ட நேரம், நாள், அன்றைய பரபரப்பு எனப் பல காரணங்கள் அதில் உண்டு. படத்தின் தரத்துக்கும் அந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் துயரத்தில் இருப்பவர் 12 என்ற எண்ணைத் தம்மைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

சேர்ந்து வரைந்து, நேரில் காட்டிக்கொள்ளும் குழுக்கள் இதற்கு ஒரு மாற்றாக உள்ளன. அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த பத்திரிகையாளரும் ஓவியருமான காப்ரியேல் காம்பனாரியோ 2007-ஆம் ஆண்டு தொடங்கிய 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' இயக்கம் இவற்றில் குறிப்பிடத்தக்கது. கண்ணால் காணும் இடத்தை அங்கேயே அமர்ந்து வரைவதும், ஒருவரையொருவர் ஆதரிப்பதும் அதன் கொள்கைகள். மும்பை, பெங்களூரு, சென்னை, புணே உள்ளிட்ட இந்திய நகரங்களிலும் இத்தகைய குழுக்கள் இயங்குகின்றன. விடுமுறை நாள் காலையில் சந்தையிலோ பழைய கட்டடத்தின் முன்போ கூடி வரைகின்றனர். முடிவில் எல்லோரும் தங்கள் வரைபுத்தகங்களைத் தரையில் பரப்பிவைத்து, சுற்றி நின்று பார்க்கின்றனர்.

அங்கே கட்டடக் கலைஞரின் துல்லியமான படத்துக்கு அருகில், முதல் முறை வந்த இல்லத்தரசியின் சாய்ந்த கோபுரமும் இருக்கும். ஒரே கோபுரத்தைப் பத்துப் பேர் பத்து விதமாகப் பார்த்திருக்கிறார்கள் என்பது வந்தவர்கள் அனைவருக்கும் தெரிகிறது. தனிமையில் வாடுவோருக்கு இந்தச் சில நிமிடங்கள், வரைந்த நேரத்துக்கு ஈடான ஆறுதலைத் தரக்கூடும்.

இயந்திரம் வரையும் காலத்தில்

2025 மார்ச் மாதம், செயற்கை நுண்ணறிவுச் செயலியில் தங்கள் புகைப்படத்தைப் பதிவேற்றி, ஜப்பானின் ஜிப்லி அசைவூட்டப் பாணியில் படமாக மாற்றிப் பகிர்வது இந்தியாவிலும் பரவலாகக் காணப்பட்டது. நொடிகளில் அழகான படம் கிடைக்கும்போது கையால் ஏன் வரைய வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பே.

படம் மட்டுமே தேவை என்றால் அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் மேற்கண்ட ஆய்வுகள் அளந்தவை படத்தின் அழகை அல்ல. கை இயங்கிய நேரத்தில் மனத்தில் நிகழ்ந்த மாற்றத்தை. அந்த 45 நிமிடங்களை இயந்திரம் நமக்காகச் செலவிட இயலாது. நடைப்பயிற்சிக்குப் பதிலாக ஆட்டோவில் சென்றால் ஊர் வந்துவிடும். நடந்த பயன் வராது.

ஓவியம் சிகிச்சைக்கு மாற்று ஆகுமா?

ஆகாது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் முன்னின்று 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. பாதிப்பின் வகையைப் பொறுத்து, அவர்களில் 70 முதல் 92 சதவீதம் வரையிலானோருக்கு உரிய சிகிச்சை கிடைக்கவில்லை. இத்தகைய சூழலில், 'படம் வரைந்தால் சரியாகிவிடும்' என்று கூறி ஒருவரை மருத்துவரிடம் செல்லவிடாமல் தாமதப்படுத்துவது தீங்கில் முடியும்.

பொழுதுபோக்கு ஓவியமும் கலைவழிச் சிகிச்சையும் ஒன்றல்ல என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பின்னது, அதற்கெனப் பயிற்சி பெற்றவரின் வழிகாட்டலில், குறிப்பிட்ட நோக்கத்தோடு நடைபெறுவது. வீட்டில் நாமே வரைவது, நடைப்பயிற்சியையோ தோட்ட வேலையையோ போன்ற ஒரு நல்ல பழக்கம்.

இரண்டு வாரங்களுக்கு மேல் தொடரும் சோர்வு, தூக்கமின்மை, பிடித்த செயல்களில்கூட ஆர்வமின்மை போன்றவை இருந்தால் மருத்துவரை நாட வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் உடனே உதவி பெற வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தொடர்புகொள்ளலாம். தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் ஆலோசனை வழங்கப்படுகிறது.

தொடங்க விரும்புவோருக்கு

விலை உயர்ந்த வண்ணங்களோ தூரிகைகளோ தேவையில்லை. பாதி எழுதி மீதமுள்ள பள்ளி நோட்டுப் புத்தகமும் ஒரு பால்பாயின்ட் பேனாவும் போதும். பேனாவில் வரைவதில் ஒரு நன்மை உண்டு: அழிக்க முடியாது என்பதால், தவறிய கோட்டைத் திருத்திக்கொண்டே இருக்காமல் அடுத்த கோட்டுக்குச் செல்ல நேரிடும்.

எதை வரைவது என்று யோசித்து நேரத்தைக் கழிக்காமல், கண்முன் இருப்பதை வரையலாம். தேநீர்க் குவளை, சாவிக்கொத்து, செருப்பு, உறங்கும் பூனை என எதுவாகவும் இருக்கலாம். 10 நிமிடங்கள் போதும். பக்கத்தின் மூலையில் தேதியைக் குறிப்பது நல்லது. ஒரு மாதம் கழித்துப் புரட்டிப் பார்க்கும்போது அது ஒரு நாள்குறிப்பாகவும் ஆகியிருக்கும்.

பகிர விரும்பினால், நம்பிக்கைக்குரிய ஓரிருவரிடம் தொடங்கலாம். பொதுவெளியில் பதிவிடுவதாக இருந்தால், மனம் சோர்ந்திருக்கும் நாளில் அதைத் தவிர்த்து, சில நாள்கள் கழித்துப் பதிவிடலாம். சில செயலிகளில் விருப்பக் குறிகளின் எண்ணிக்கையை மறைத்துவைக்கும் வசதியும் உள்ளது. பிறரின் படத்தைப் பார்த்து வரைந்திருந்தால் அவருடைய பெயரைக் குறிப்பிடுவது கடமை. மருத்துவமனையிலோ ரயிலிலோ கண்ட ஒருவரின் முகத்தை அடையாளம் தெரியும்படி வரைந்திருந்தால், அனுமதியின்றிப் பொதுவெளியில் இடாமல் இருப்பதே முறை.

பார்ப்பவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. வீட்டில் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டும்போது, 'மூக்கு சரியில்லையே' என்ற ஒரு சொல் அந்த நோட்டுப் புத்தகத்தை நிரந்தரமாக மூடிவிடலாம். 'அருமை' என்று நிமிராமலேயே சொல்வதாலும் பயன் குறைவு. கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நிமிடம் அந்தப் படத்தைப் பார்த்து, 'இது நம் வீட்டுக் கொல்லைப்புறம்தானே? எப்போது வரைந்தீர்கள்?' என்று கேட்டால் போதும். வரைந்தவர் மீதியைத் தாமே பேசத் தொடங்குவார்.